நெல்லுக்கடைத் தெருவுக்குச் சுவர் வழியே குடிவந்தவர்கள்

இதைக் கேட்கப் புகுவோர் முதலில் அறிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு. அவற்றை அறியாமல் கேட்டால் நடந்தது அதிசயம் என்று தோன்றிவிடும். நெல்லுக்கடைத் தெருவில் அன்றும் இன்றும் அதிசயம் எதுவும் நடந்ததில்லை.

முதலாவது, கல்லேரிப்பேட்டையின் நெல்லுக்கடைத் தெருவில் எவரும் எவரையும் சாதி கேட்டதில்லை. இதை அத்தெருவார் பெருமையாகச் சொல்வர். சொல்வது உண்மையும் ஆகும். வாடகைக்கு வீடு தேடி வருபவரை உள்ளே அழைத்து, நாற்காலி போட்டு, சொந்த ஊர் எது என்று கேட்பார்கள். அவ்வூரில் ஊர்ப்பக்கமா காலனிப்பக்கமா என்று கேட்பார்கள். குலதெய்வம் எது, பங்காளிகள் எங்கெங்கே இருக்கிறார்கள் என்று கேட்பார்கள். விடைகள் வந்துகொண்டிருக்கும்போதே, தண்ணீரை எவர்சில்வர் தம்ளரில் கொண்டுவருவதா காகிதக் குவளையில் கொண்டுவருவதா என்பது உள்ளே இருக்கும் பெண்களுக்குத் தெரிந்துவிடும். காகிதக் குவளையில் குடித்தவரிடம், வீட்டை நேற்றுத்தான் வேறொருவர் பேசி முடித்துவிட்டார் என்று மிகுந்த வருத்தத்தோடு சொல்லி அனுப்புவார்கள்.

அடுத்து, அத்தெருவின் கிழக்குக் கோடியில் ஒரு குருட்டுச் சுவர் உண்டு. அதற்கு வாசலும் இல்லை, சன்னலும் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் ஓர் அச்சகத்தின் பழைய காகிதக் கிடங்கு. கிடங்கின் கதவு பின்சந்தில் இருந்தது. அந்தக் கிடங்கில் பூங்காவனம் குடியிருந்தாள். அவளுக்கும் தெருவுக்கும் இடையே ஒரு செங்கல்லின் பருமன்தான் தூரம். ஆயினும் அவள் தெருவுக்கு வரவேண்டுமானால் பேருந்து நிலையத்தைச் சுற்றிக்கொண்டுதான் வரவேண்டும்.

இனி, பூங்காவனம் யார் என்பது. பள்ளிப் பாடத் துணைநூல்களுக்கும் திருமண அழைப்பிதழ்களுக்கும் படம் வரைந்து பிழைத்தவள். ஓவியத்தை அவள் யாரிடமும் கற்கவில்லை. செரிமான மண்டலத்தைத் திரும்பத் திரும்ப வரைந்து மனித உடலின் வளைவுகளைக் கற்றாள். கொடியில் காயும் துணிகளைப் பார்த்து மடிப்பைக் கற்றாள். வண்ணங்களின் பெயர்களைச் சொல்லித்தர ஆள் இல்லாததால் தானே பெயரிட்டுக்கொண்டு, இது பழைய ரசம், இது ஆறிப்போன டீ, இது மழைக்கு முந்தைய தார்ச்சாலை என்று கிண்ணங்களை அடையாளம் வைத்திருந்தாள். மற்றவர்கள் பொருளை வரைந்த பின் அதன் நிழலை இடுவார்கள். அவள் முதலில் நிழலை இட்டு, அந்த நிழல் எதனுடையதாக இருக்க முடியும் என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்து, பொருளைக் கடைசியில் வரைவாள். கண்ணால் பாராத ஒன்றை அவள் வரைந்ததில்லை.

பெருநகரத்துக் கலைக்கூடங்கள் அவள் படங்களை மாட்ட இடம் தரவில்லை. எந்தக் கல்லூரி, ஆசிரியர் யார், யார் சொல்லி வந்தீர்கள் என்று அவை கேட்டன. அங்கும் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். ஆகவே அவள் தன் கண்காட்சியை மெய்நிகர் உலகத்தில் வைத்தாள். மெய்நிகர் உலகம் என்பது கணினித் திரைக்குள் எழுப்பப்பட்ட ஊர். அதில் நிலம் உண்டு, கடல் உண்டு, மாலை வெயில் உண்டு. அங்கே செல்வோர் தமக்குப் பிடித்த உடலைத் தாமே தேர்ந்து அணிந்துகொண்டு செல்வர். அவ்வூரில் பூங்காவனம் ஒரு கூடத்தைக் கல்மேல் கல்லாகத் தானே கட்டினாள். எவ்வளவு உயர்ந்த உடலோடு வந்தவரும் குனிந்தே நுழையும்படி வாயிலைத் தாழ வைத்தாள். தரையில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணின் கண்ணுக்கு நேராகப் படங்களை மாட்டினாள். ரேஷன் கடை வாசலில் சாய்த்து வைத்த ஈரக் குடைகள், அரசு மருத்துவமனையில் சீட்டைப் பற்றிக்கொண்டிருக்கும் கைகள், பேருந்துக் கம்பியில் தேய்ந்துபோன ஓரிடம் எனப் படங்கள் தொங்கின. இறக்கை வைத்த உடலோடு வந்தவர்கள், பின்னால் நிற்பவர்க்கு மறைக்காதபடி இறக்கையை மடக்கிக்கொண்டு பார்த்தார்கள். மான் தலையும் நீலத் தோலும் கொண்ட ஒருத்தி எல்லாக் கண்காட்சிக்கும் வந்து, ஒவ்வொரு படத்தின் முன்னும் எல்லாரையும்விட நெடுநேரம் நின்றாள். அவள் பேசியது மொழிபெயர்ப்புக் கருவியின் தமிழ்: "வணக்கம். இப்படம் என்னை மிகவும் பாதித்தது." பூங்காவனம் அவளை வெளிநாட்டுக்காரி என்று எண்ணிக்கொண்டாள்.

கடைசியாக, படம். நெல்லுக்கடைத் தெருவை முழு அளவில் வரையவேண்டும் என்ற ஆசை பூங்காவனத்துக்கு உண்டாயிற்று. தெருவில் நின்று பார்த்தால், "யாரைப் பாக்கணும்?" என்று யாராவது கேட்பார்கள், ஆகவே நடந்துகொண்டே பார்த்தாள். அழைப்பிதழ் மாதிரிகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஒரு நடையில் தாழ்ப்பாளை மட்டும் பார்த்தாள், மறு நடையில் படிக்கட்டின் நிழலை மட்டும் பார்த்தாள், அதற்கடுத்த நடையில் சன்னல் கம்பிக்குப் பின்னே எரியும் குழல்விளக்கை மட்டும் பார்த்தாள். அவ்வளவு பெரிய தாள் எங்கும் கிடைக்காததால், கிடங்கின் உட்புறத்தில், அந்தக் குருட்டுச் சுவரின் மேலேயே, சுண்ணாம்பு பூசி வரைந்தாள். வீட்டுக் கதவுகள் எல்லாவற்றையும் திறந்தே வரைந்தாள். மூடியிருந்தால் நிழல் உள்ளே போக இடமிராது என்று காரணம் சொன்னாள். பின் அதைப் பகுதி பகுதியாகப் படமெடுத்து இணைத்து, மெய்நிகர்க் கூடத்தின் கடைசிச் சுவரில் தரையைத் தொடும்படி மாட்டினாள்.

அறிய வேண்டியவை இவ்வளவே. இனி நடந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில், மாடிவீட்டு ஏகாம்பரத்தின் மனைவி கமலவேணி வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருக்கையில், தெருக்கோடிச் சுவரிலிருந்து மான் தலையும் நீலத் தோலும் கொண்ட ஒருத்தி வெளியே வந்தாள். அவள் பின்னே இறக்கை மடக்கிய ஒருவர் வந்தார்; அவர் பின்னே முழுவதும் தகரத்தால் ஆன ஒருவர் மெல்ல ஓசையிட்டுக்கொண்டு வந்தார். படம் மிக அழகாக இருந்ததால் அருகில் சென்றதாகவும், அருகில் சென்றதால் உள்ளே நடந்ததாகவும், நடந்ததால் இங்கே வந்ததாகவும் அவர்கள் பின்னர்த் தெரிவித்தனர்.

"ஓரமாப் போம்மா, கோலத்த மிதிச்சிடாத," என்றாள் கமலவேணி.

"மன்னிக்கவும். இவ்வீட்டின் மேல்தளம் எனக்குப் பிடித்திருக்கிறது. அது காலியாக உள்ளதா?" என்றாள் மான் தலைக்காரி.

கமலவேணி உள்ளே திரும்பி, "ஏங்க, வீடு கேட்டு வந்திருக்காங்க," என்று குரல் கொடுத்தாள். ஏகாம்பரம் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, நாற்காலி போட்டு, சொந்த ஊர் எது என்று கேட்டார்.

"எனக்கு ஊர் இல்லை."

"அப்பா, அம்மா?"

"இவ்வுடலை யாரும் பெறவில்லை. நானே தேர்ந்தெடுத்தேன்."

"குலதெய்வம்?"

"அச்சொல்லுக்குப் பொருள் கிடைக்கவில்லை. மன்னிக்கவும்."

ஏகாம்பரம் கோயில் சொற்பொழிவுகளைத் தவறாமல் கேட்பவர். அவர் எழுந்து துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். "கருவுலயே தங்காதவங்கடி இவங்க," என்று மனைவியிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். "வயித்துல பொறந்தாத்தான் தீட்டு. இவங்களுக்குப் பொறப்பே இல்ல. புராணத்துல இருக்கு."

"சாப்பாடு எப்படீன்னு கேளுங்க. நாம கவிச்சி ஆளுங்களுக்கு விடறதில்லயே."

"நாங்கள் எதுவும் உண்பதில்லை," என்றாள் மான் தலைக்காரி.

"கேட்டீங்களா! இதுக்கு மேல ஒரு சுத்த சைவம் உண்டா?" என்ற கமலவேணி, அவள் குடிக்கமாட்டாள் என்று தெரிந்தும், வெள்ளிச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

அன்று மாலையே மாடியில் பால் காய்ச்சப்பட்டது. அடுத்தடுத்த நாட்களில் சுவரிலிருந்து மேலும் பலர் வந்தனர்; மீன் வாலோடு ஒருவர் தவழ்ந்து வந்தார், விளக்குக் கம்பம் உயரத்துக்கு ஒருவர் வந்தார், பூனையாக ஒருவர் வந்தார்; எல்லாருக்கும் வீடு கிடைத்தது. சுவர்க்காரர்கள் என்று தெருவார் அவர்களை அழைத்தனர். சுவர்க்காரர்கள் குழாயடியில் சண்டையிடவில்லை, அம்மி அரைக்கவில்லை, கருவாடு வறுக்கவில்லை, விருந்தாளிகளை வரவழைக்கவில்லை. வாடகை தவறாமல் கைப்பேசிக்கு வந்து சேர்ந்தது. குடியிருப்பவர் என்றால் இப்படியல்லவா இருக்கவேண்டும் என்று தெருவார் தம் பழைய குடித்தனக்காரர்களை எண்ணி வெட்கப்பட்டனர். இறக்கைக்காரர் எந்த வீட்டில் இருக்கிறாரோ அந்த வீட்டுப் பெண்ணுக்கு வரன் விரைவில் அமையும் என்று பேசிக்கொண்டனர். ஆடி மாதம் கெங்கையம்மன் கோயிலில் கூழ் வார்த்தபோது முதல் கரண்டியை மான் தலைக்காரிக்கு வார்த்தார்கள். அவள் அதை உண்ணவில்லை, கீழே வைக்கவுமில்லை. கிண்ணத்தை இரு கைகளிலும் ஏந்திக்கொண்டு, கடைசி ஆள் குடித்து முடிக்கும் வரையில் கோயில் வாசலைப் பார்த்தவாறு நின்றாள். அவள் பக்தியைத் தெருவார் வியந்தனர்.

இத்தனைக்கும் காரணமான படத்தை வரைந்தவள் யார் என்று தெருவார்க்குத் தெரியாமல் இல்லை. தெரிந்திருந்தது, அது அவர்களுக்கு ஒரு பொருட்டாக இல்லை.

அந்த நாட்களில்தான் அச்சகத்தார் கிடங்கை இடித்து இடத்தை விற்க முடிவுசெய்து, பூங்காவனத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். இச்செய்தி தெருவுக்கு எட்டியபோது தெருவே கலங்கியது. ஏகாம்பரத்தின் தலைமையில் சிலர் அச்சகத்தாரிடம் சென்று, கிடங்கை இடித்துக்கொள்ளுங்கள், அந்த ஒரு சுவரை மட்டும் விட்டுவிடுங்கள் என்று வேண்டினர். அச்சகத்தார் இசைந்தனர். தெரு நிம்மதி அடைந்தது. சுவருக்கு இடம் கிடைத்துவிட்டது.

பூங்காவனத்துக்கு வேண்டியது ஓர் அறை. இருக்க மட்டும் என்றால் எங்காவது ஒண்டிக்கொள்வாள். வரைவதற்கு, நாள் முழுவதும் மாறாத வடக்கு வெளிச்சம் வேண்டும். ஊரெல்லாம் அலைந்தாள். அவளுக்காக அலைந்தவர் வீட்டுத் தரகர் சகாயம். அவர் நல்லவர்; ஆனால் வாய்க்குப் பூட்டு இல்லாதவர்.

"பூங்காவனம், நா ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காத," என்றார் அவர். "நீயும் அந்தக் கம்ப்யூட்டருக்குள்ள போயி, மயில் தலையோ குதிரைத் தலையோ ஒண்ண மாட்டிக்கினு சுவர் வழியா வந்துடேன். ஒரு கேள்வி கேக்கமாட்டாங்க. பால் காய்ச்சிக் குடுத்துடறேன்."

"ஏன், என் தலைக்கு இன்னா?"

"தலைக்கு ஒண்ணுமில்லம்மா. அதுக்குக் கீழ ஊர் பேரு ஒண்ணு ஒட்டிக்கினு வருதே."

அன்று அவள் மெய்நிகர்க் கூடத்துக்குச் சென்று, இனி வரைய இடம் இல்லாமையால் இதுவே கடைசிக் கண்காட்சி என்று வந்தவர்க்கெல்லாம் அறிவித்தாள். கூட்டத்திலிருந்து மான் தலைக்காரி முன்னே வந்தாள். "நான் தங்கியிருக்கும் மேல்தளத்தில் வடக்குச் சன்னல் உள்ளது. எனக்கு வெளிச்சம் தேவையில்லை. தாங்கள் நாளை வாருங்கள். அதைத் தங்களுக்குத் தருகிறேன்," என்றாள்.

மறுநாள் காலையில் பூங்காவனம் சகாயத்தோடு பேருந்து நிலையத்தைச் சுற்றி வந்தாள். நல்ல சேலை உடுத்தியிருந்தாள். நகக்கண்ணில் இருந்த பழைய ரசத்தின் நிறம் மட்டும் எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. மான் தலைக்காரி மாடிப்படியில் காத்திருந்தாள். படியில் முதல் அடி வைக்குமுன் கமலவேணி குறுக்கே வந்து நின்றாள்.

"இவங்க யாரு சகாயம்?"

"படம் போடறவங்கம்மா. இந்தச் சுவர்ப் படமே இவங்களுதுதான். மாடிக்கு..."

"தெரியுது, தெரியுது. சொந்த ஊர் எதும்மா உனக்கு?"

"புதுக்காலனி," என்றாள் பூங்காவனம். அவ்வூருக்கு ஊர்ப்பக்கம் என்று ஒன்று கிடையாது. ஆகவே மற்றக் கேள்விகளுக்குத் தேவை எழவில்லை.

கமலவேணியின் முகத்தில் மிகுந்த வருத்தம் உண்டாயிற்று. "அடடா. மாடிய இவங்க வச்சிருக்காங்களே," என்று மான் தலைக்காரியைக் காட்டினாள்.

"நான் இவருக்குத் தருகிறேன்," என்றாள் மான் தலைக்காரி.

"நீங்க தரலாம்மா, உங்க மனசு அப்படி. நாங்க எப்படி விடறது? தெருவுல நாலு பேரு இருக்காங்களே."

"எனக்கும் இவருக்கும் என்ன வேறுபாடு?"

உள்ளேயிருந்து வந்த ஏகாம்பரம் கைகூப்பியபடியே விளக்கினார். "தாயி, நீங்க பொறப்பே இல்லாதவங்க. இவங்க அப்படியா? ஒரு வயித்துல பொறந்தவங்க. எந்த வயிறுன்னு ஒண்ணு இருக்கில்ல?"

மான் தலைக்காரி படியிலிருந்து இறங்கிப் பூங்காவனத்தின் பக்கத்தில் வந்து நின்றாள். பிறகு அவள் பேசியதில் மொழிபெயர்ப்புக் கருவியின் குரல் இல்லை.

"யாரு சொன்னா பொறக்கலன்னு? நானும் புதுக்காலனிதான். எங்கம்மா பேரு மல்லிகா. இந்த ஒடம்பு நா மாட்டிக்கினு வந்தது. நா ஒக்காந்துகினு இருக்கறது அயர்லாந்துல, ஆஸ்பத்திரி குவாட்டர்ஸ்ல. நர்ஸு. இவங்க எங்க சின்னம்மா. எனக்குக் குடுத்த வீட்ட எங்க சின்னம்மாவுக்கும் குடுங்க."

பூங்காவனம் அந்த நீல முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். வரைபவள் ஆதலால், தலை எதுவாயினும் நிற்கும் விதத்தைக் கொண்டு ஆளை அறிந்திருக்க வேண்டும். இத்தனை கண்காட்சியிலும் அவள் அந்தத் தலையைத்தான் பார்த்திருந்தாள்.

"தேனு?" என்றாள். "தேன்மதியாடி நீ? ஏண்டி சொல்லல?"

"சொன்னா, அக்கா பொண்ணு, அதான் நல்லாருக்குன்றான்னு நெனச்சிக்குவ. யாரோ ஒருத்தி சொல்றான்னு இருக்கட்டுமேன்னுதான் சின்னம்மா."

"அத இங்க வந்தா சொல்லணும்? உனக்காவது ஒரு வீடு இருந்துச்சே."

கமலவேணி இரு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். கையை எடுத்தபோது அவள் சொன்னது கணவனிடம் மட்டுமே: "முதல் கரண்டிக் கூழ இவளுக்கா வாத்தோம்?"

"கத்தாதடி. தெரு காதுல விழும்."

தெருவின் காதில் விழுந்தது. வாசல்தோறும் ஆட்கள் வந்து நின்றனர். யாரும் யாரையும் அடிக்கவில்லை, ஒரு தகாத சொல்லும் பேசப்படவில்லை. நெல்லுக்கடைத் தெரு அப்படிப்பட்டதன்று. எல்லாரும் மிகுந்த வருத்தத்தோடு விலகி, சுவர் வரைக்கும் வழிவிட்டார்கள். தேன்மதி அந்த வழியில் நடந்து சுவருக்குள் போனாள். பூங்காவனத்துக்குச் சுவருக்குள் வழி இல்லாததால், சகாயம் அவளை ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார்.

பின்னர் முடிவானவை இவை.

ஏகாம்பரத்தின் மாடி கோமியம் தெளித்துக் கழுவப்பட்டது. வெள்ளிச் செம்பு உருக்கப்பட்டு, இரண்டு குங்குமச் சிமிழ்களாயிற்று. தேன்மதி அதைத் தொட்டதில்லை என்பதைக் கமலவேணி நினைவுகூர்ந்தது, உருக்கிய பிறகு. கூழ் வார்த்ததற்குக் கெங்கையம்மனுக்குத் தனியே ஓர் அபிடேகம் செய்யப்பட்டது.

மற்றச் சுவர்க்காரர்கள், உடலை அணிந்துகொண்டு உண்மையில் எங்கோ உட்கார்ந்திருப்பவர் யார் என்பதைச் சொல்லவேண்டும் என்று தெரு விதித்தது. புரியவில்லை என்றவர்களுக்குச் சகாயம் உதவினார். அவர் இப்போது வீட்டுத் தரகு பார்ப்பதில்லை. சுவர்க்காரர்களுக்கு ஊரும் தெருவும் குலதெய்வமும் அமைத்துத் தருகிறார். இறக்கைக்காரருக்கு வந்தவாசிப் பக்கத்தில் ஒரு பூர்வீகம் கிடைத்தது. தகர மனிதர் தமக்கு அமைந்த குலதெய்வத்துக்கு ஆண்டுதோறும் சென்று, தலையில் முடி இல்லாதபோதும், மொட்டை போட்டுக்கொள்கிறார். தெருவில் அவருக்கு நல்ல பெயர். பூனைக்கு மட்டும் எதுவும் கேட்காமலே விட்டுவிட்டார்கள்.

கிடங்கு இடிக்கப்பட்டது. சுவர் நிற்கிறது. வரைந்த பக்கம் வெயிலில் மங்காதிருக்கத் தகரக் கூரையும் இரும்புக் கதவும் போட்டு, கதவின்மேல் 'நெல்லுக்கடைத் தெருவார் உபயம்' என்று எழுதியிருக்கிறார்கள். வரைந்தவர் பெயரையும் எழுதலாம் என்று ஒருவர் சொன்னதாகவும், இடம் போதவில்லை என்று தீர்மானமானதாகவும் தெரிகிறது.

தேன்மதி அதன்பின் மெய்நிகர்க் கூடத்துக்கு வரவில்லை. இரவுப்பணி முடிந்து தொலைபேசியில் அழைக்கும்போது படங்களைப் பற்றிப் பேசுவதில்லை. வீடு கிடைத்ததா என்று மட்டும் கேட்கிறாள்.

பூங்காவனம் பக்கத்து ஊர்களில் தேடிக்கொண்டிருக்கிறாள். இப்போது அவள் நாற்காலியில் உட்காருவதில்லை, தண்ணீருக்குக் காத்திருப்பதில்லை. கதவு திறந்தவுடன், எவரும் கேட்பதற்கு முன்னரே, புதுக்காலனி என்று தானே சொல்லிவிடுகிறாள். கதவுகள் விரைவாகச் சாத்தப்படுகின்றன. முன்பெல்லாம் ஒரு காலைப்பொழுதில் ஒரு வீட்டைத்தான் கேட்க முடிந்தது. இப்போது ஒரு தெருவையே கேட்டு முடித்துவிட முடிகிறது.